இரண்டு ஆஃபர்கள் கையில் இருக்கும்போது சம்பளம் பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே சமயத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலைக்கு அழைக்கும்போது, பெரிய தொகை சொன்னவரின் கடிதத்தைச் சிறிய தொகை சொன்னவரிடம் காட்டி, "இதைவிடக் கூடுதலாகத் தர முடியுமா?" என்று கேட்பதோடு பேரம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சில நேரங்களில் பலிக்கவும் செய்யும். ஆனால் உங்களோடு பேசும் ரெக்ரூட்டருக்குச் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் உங்கள் கோரிக்கையை எழுதி, துறைத் தலைவரிடமோ ஊதியக் குழுவிடமோ ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் தருபவர் அறிய விரும்புவது முக்கியமாக இரண்டு செய்திகள்: இவரிடம் உண்மையிலேயே வேறொரு வாய்ப்பு இருக்கிறதா, கேட்டதைக் கொடுத்தால் நிச்சயமாகச் சேர்வாரா? இவ்விரண்டுக்கும் தெளிவான, நம்பத்தகுந்த விடையை ரெக்ரூட்டரின் கையில் கொடுத்து அனுப்புவதுதான் உங்கள் வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை நோக்கியதே.

முதற்படி: கெடுக்களை ஒன்றோடொன்று சேர்த்தல்

இரண்டு ஆஃபர்களும் ஒரே காலகட்டத்தில் உயிரோடு இருந்தால்தான் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகும். ஆகவே இந்த வேலை ஆஃபர் வருவதற்கு முன்பே, விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்களில் நேர்காணல் சுற்றுகளும் ஒப்புதல் அடுக்குகளும் அதிகம் என்பதால் அவை மெதுவாகவே நகரும்; சிறிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே முடிவு சொல்லிவிடும். மெதுவாக நகரும் இடங்களில் முதலில் நேர்காணலைத் தொடங்கி, வேகமான இடங்களைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொண்டால் இரண்டின் முடிவுகளும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேரும்.

திட்டமிட்டபடி நடக்காமல் ஒன்று முந்திக்கொண்டால் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கும். பின்தங்கிய நிறுவனத்திடம், "எனக்கு இன்னோர் ஆஃபர் வந்திருக்கிறது, இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பணியில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம் என்பதால், அதற்குள் மீதமுள்ள சுற்றுகளை முடிக்க வழியுண்டா?" என்று கேளுங்கள். தேதியோடு வரும் இத்தகைய வேண்டுகோளுக்கு ரெக்ரூட்டர்கள் பெரும்பாலும் செவிசாய்ப்பார்கள். விண்ணப்பதாரரை இழந்தால் அவர்களது உழைப்பும் வீண்தானே. முந்திய நிறுவனத்திடம், குடும்பத்தாருடன் கலந்து பேசவும் கடிதத்தை நிதானமாகப் படிக்கவும் ஒரு வாரம் கூடுதலாக வேண்டும் என்று கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரே முறை, ஒரு குறிப்பிட்ட தேதியைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாள், மேலும் இரண்டு நாள் என்று நீட்டிக்கொண்டே போனால், "சேர்வாரா" என்ற அந்த இரண்டாவது கேள்வியில் சந்தேகம் விழும்.

24 மணி நேரத்துக்குள் கையெழுத்திடுங்கள் என்று நெருக்கும் ஆஃபர்களும் உண்டு. அந்த நெருக்கடி பெரும்பாலும் நீங்கள் வேறு எதனோடும் ஒப்பிடாமல் இருப்பதற்காகவே உண்டாக்கப்படுகிறது. அமைதியாக ஒரு மாற்றுத் தேதியைச் சொல்லி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பல வாரங்கள் நேர்காணல் நடத்திய நிறுவனம் மூன்று நாள் பொறுக்க மறுத்தால், அங்கே வேலை செய்யும் சூழலைப் பற்றி அந்த மறுப்பே ஓரளவு சொல்லிவிடும்.

இரண்டாம் படி: ஆஃபர் வரும் அழைப்பை எதிர்கொள்ளுதல்

ஆஃபர் பொதுவாகத் தொலைபேசியில்தான் முதலில் வரும். நன்றி சொல்லுங்கள், மகிழ்ச்சியைக் காட்டுங்கள், எல்லா விவரங்களையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பிலேயே சம்பளத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டாம். "நல்ல தொகைதான்" என்று மரியாதைக்காகச் சொன்ன ஒரு சொல்கூடப் பிறகு நீங்கள் கூடுதலாகக் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும்.

பழைய சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி இதற்கு முன்பே வந்திருக்கக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களிலும் இதற்குத் தடை உண்டு. தடை இல்லாத இடங்களிலும், "இந்தப் பொறுப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பள வரம்பைச் சொன்னால் பேச எளிதாக இருக்கும்" என்று கேள்வியைத் திருப்பலாம். முதலில் சொல்லப்படும் எண் அதன்பின் வரும் மதிப்பீடுகளையெல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பதை உளவியலாளர்களான டிவர்ஸ்கியும் கானமனும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விளக்கினார்கள். பேச்சு உங்கள் பழைய சம்பளத்திலிருந்து தொடங்கினால் அதைச் சுற்றியே நிற்கும். கையிலுள்ள மற்றோர் ஆஃபரிலிருந்து தொடங்கினால் அங்கிருந்து மேலே போகும்.

மூன்றாம் படி: இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

பெரும்பாலானோர் அவசரமாகக் கடந்துவிடும் படி இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான். ஆஃபர் கடிதத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் நிற்கும் ஆண்டுத் தொகையை நம்பி ஒப்பிடக் கூடாது. அதற்குள் உறுதியான பணமும், நடந்தால் கிடைக்கும் பணமும், ஒரே முறை வரும் பணமும், பல ஆண்டுகள் கழித்துக் கைக்கு வரும் பங்கும் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்து, முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுவாரியாக எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, முதல் நிறுவனத்தின் அடிப்படைச் சம்பளத்தை 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதோடு 10 சதவீத போனஸ், நான்கு ஆண்டுகளில் சம பங்காக வந்து சேரும் 80 அலகு மதிப்புள்ள பங்குகள் உண்டு. ஆண்டுக்கு 100, 10, 20 எனக் கூட்டினால் 130. நான்கு ஆண்டுகளுக்கு 520. இரண்டாம் நிறுவனத்தில் அடிப்படைச் சம்பளம் 92, போனஸ் 15 சதவீதம், சேரும்போது ஒரே முறை தரும் ஜாயினிங் போனஸ் 20, பங்குகள் 120. ஆனால் அந்தப் பங்குகள் முதல் ஆண்டில் 5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 15, பிறகு 40, 40 என்று பின்னால் கனத்து வருகின்றன. அமேசான் பல ஆண்டுகள் பின்பற்றிய முறை இதுவே என்பதால் இது கற்பனையான அமைப்பு அன்று. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டாம் நிறுவனம் முதல் ஆண்டில் 131.8, இரண்டாம் ஆண்டில் 123.8, மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் 153.8 வீதம் தரும்; மொத்தம் 563.2.

நான்கு ஆண்டுகள் இருப்பவருக்கு இரண்டாவது ஆஃபரே பெரியது. இரண்டே ஆண்டுகளில் வெளியேறுபவருக்கோ முதலாவது 260, இரண்டாவது 255.6 என்று கணக்கு தலைகீழாகிவிடுகிறது. இதற்கு முன் வேலை செய்த இடங்களில் சராசரியாக எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள் என்பதை நேர்மையாக நினைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை ஆண்டுகளின் கூட்டுத்தொகை உங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்.

எண்களை எழுதிய பிறகு ஒவ்வொன்றின் அருகிலும் அது எவ்வளவு நிச்சயம் என்றும் குறிக்க வேண்டும். போனஸ் உறுதியானதா, இலக்கு மட்டும்தானா? சென்ற ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு வழங்கப்பட்டது? இதை ரெக்ரூட்டரிடம் நேராகவே கேட்கலாம். ஜாயினிங் போனஸை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் பின்தொடரும். வரி பிடித்தது போக வந்த தொகையையா, முழுத் தொகையையா திருப்ப வேண்டும் என்று கடிதத்தில் தேடிப் பாருங்கள். பங்குகளுக்கு முதல் ஓராண்டு முடியும்வரை எதுவும் கைக்கு வராது என்ற விதி பரவலாக உண்டு. பதினோராம் மாதத்தில் விலகுபவருக்கு அங்கே பூஜ்யம்தான்.

பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனம் தரும் பங்கு விருப்புரிமைகளை, அதாவது முன்பே குறித்த விலையில் பின்னர் பங்கு வாங்கும் உரிமைகளை (ஸ்டாக் ஆப்ஷன்), பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றின் எண்ணிக்கை மட்டும் தெரிந்து பயனில்லை. நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, வாங்கும் விலை என்ன, கடைசி முதலீட்டுச் சுற்றில் ஒரு பங்கின் விலை என்ன என்ற மூன்றும் தெரிந்தால்தான் மதிப்பிட முடியும். வேலையை விட்ட பிறகு அவற்றைப் பணம் கட்டி வாங்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் அது 90 நாட்களே. அதற்குள் கட்ட முடியாவிட்டால் அத்தனை ஆண்டுகள் சேர்ந்தவை காலாவதியாகிவிடும். இவற்றுக்கு விடை சொல்லத் தயங்கும் நிறுவனத்தின் பங்குகளை என் கணக்கில் பூஜ்யம் என்றே போடுவேன்.

நான்காம் படி: உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்தல்

கணக்கு முடிந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு நிறுவனங்களும் ஒரே சம்பளம் தந்தால் எங்கே சேர்வேன்? விடை தெரிந்துவிட்டால், யாரிடம் பேரம் பேச வேண்டும், யாருடைய ஆஃபரைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். விடை தெரியாவிட்டால் பேரத்தைத் தொடங்க வேண்டாம். உங்களுக்கு மேலாளராக வரப்போகிறவரிடம் அரை மணி நேரம் பேசக் கேளுங்கள். முதல் ஆறு மாதங்களில் என்ன வேலை இருக்கும், அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஏன் போனார்கள், அடுத்த நிலைக்கு உயர எவ்வளவு காலம் ஆகிறது என்று விசாரியுங்கள். மதில்மேல் பூனையாக இருந்துகொண்டு பேசுபவரின் தயக்கம் குரலிலேயே தெரிந்துவிடும்.

பேச்சுவார்த்தை வல்லுநர்களான ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் முன்வைத்த கருத்து ஒன்று இங்கே பயன்படும்: பேச்சு முறிந்தால் உங்களுக்கு எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த மாற்று எதுவோ, அதுவே உங்கள் பேரபலத்தின் அளவு. மற்ற ஆஃபர் தொகையில் பெரியதாக இருந்தாலும், அங்கே போக உங்களுக்கு மனமே இல்லை என்றால் உங்கள் உண்மையான பலம் அந்தத் தொகையைவிடக் குறைவுதான். ஆகவே இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கிடைத்தால் அன்றே கையெழுத்திடுவேன் என்ற தொகை. மற்றொன்று, இதற்குக் கீழே என்றால் அடுத்த நிறுவனத்துக்கே போய்விடுவேன் என்ற தொகை. இரண்டாவது எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் படி: எதைக் கேட்பது

பதவி நிலை தவறாக வைக்கப்பட்டிருந்தால் அதையே முதலில் பேசுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. வரம்பின் உச்சிக்கு அருகே ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தால், நிலை மாறாமல் எவ்வளவு வாதாடினாலும் நகர இடமிருக்காது. மற்ற நிறுவனம் உங்களை ஒரு நிலை மேலே வைத்து அழைத்திருந்தால், சம்பள எண்ணைவிட வலுவான சான்று அதுதான்.

அடுத்தது அடிப்படைச் சம்பளம். அதில் கூடும் 5 அலகு ஒவ்வோர் ஆண்டும் வரும். சதவீதமாகக் கணக்கிடப்படும் போனஸையும் வருடாந்திர உயர்வையும் தன்னோடு சேர்த்து உயர்த்தும். ஆனால் ஒரே குழுவில் ஒருவருக்கு மட்டும் அடிப்படைச் சம்பளத்தை அதிகமாக வைத்தால் மற்றவர்களோடு சமநிலை கெடும் என்று நிறுவனங்கள் இதில்தான் மிகவும் தயங்குகின்றன. ஒரே முறை கொடுத்து முடிந்துவிடும் ஜாயினிங் போனஸில் அந்தச் சங்கடம் இல்லாததால் அங்கே கை சற்றுத் தாராளமாக நீளும். பழைய வேலையை விடுவதால் நீங்கள் இழக்கும் போனஸையோ பங்குகளையோ ஈடுசெய்யக் கேட்பது ரெக்ரூட்டருக்கு மேலிடத்தில் எடுத்துச் சொல்ல மிகவும் எளிதான காரணம். அந்தத் தொகையை ஆதாரத்தோடு வைத்திருங்கள்.

சேரும் தேதி, விடுப்பு நாட்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள், இடம்பெயரும் செலவு ஆகியவற்றையும் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்காமல், உங்களுக்கு உண்மையில் முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள்.

ஆறாம் படி: பேச்சு

தொலைபேசியில் பேசிவிட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவதே நல்லது. குரலில் உங்கள் ஆர்வம் தெரியும். ரெக்ரூட்டரோ அந்த மின்னஞ்சலைத்தான் மேலே அனுப்புவார். ஆகவே மூன்றாமவர் ஒருவர் படித்தாலும் புரியும்படி அது இருக்க வேண்டும். ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

"உங்கள் குழுவோடு பேசிய பிறகு இங்கே சேரவே விரும்புகிறேன். இன்னொரு நிறுவனத்திலிருந்து எனக்கு எழுத்துபூர்வமான ஆஃபர் வந்திருக்கிறது; அதில் அடிப்படைச் சம்பளம் 108. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆஃபரில் அடிப்படைச் சம்பளத்தை 110 ஆக்கவும், நான் விட்டுவரும் ஆண்டு போனஸுக்கு ஈடாக 8 அலகு ஜாயினிங் போனஸ் சேர்க்கவும் முடிந்தால், அவர்களிடம் மறுப்புச் சொல்லிவிட்டு உடனே கையெழுத்திடுவேன்."

மாற்று வாய்ப்பு இருக்கிறது, அது எழுத்தில் இருக்கிறது, கேட்பது இன்னது, கொடுத்தால் சேர்வது உறுதி, கெடு இன்ன நாள் என்று ஒப்புதல் தருபவருக்கு வேண்டியது எல்லாம் இந்தச் சில வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று முடியும் வேண்டுகோளை வைத்து யாரும் எந்தப் படிவத்தையும் நிரப்ப முடியாது. சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். எதிர்முனையில் மௌனம் நீளும்போது பதறிப்போய், "முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று தாமே விலையைக் குறைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

மற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்வதா? அவர்கள் உங்கள் துறையில் மதிக்கப்படும் போட்டியாளர் என்றால் பெயருக்கே எடை உண்டு, சொல்லலாம். பெயர் தெரியாத சிறு நிறுவனம் என்றால் தொகையை மட்டும் சொல்வது போதும். அந்த ஆஃபர் கடிதத்தில் விவரங்களை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கடிதத்தின் நகலை அனுப்பச் சொல்லிக் கேட்கும் ரெக்ரூட்டர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்கப்படலாம் என்பதாலேயே, இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும் இருக்கும் தொகையை ஊதிச் சொல்வதும் கூடாது. பொய் வெளிப்பட்டால் போவது சம்பள உயர்வு மட்டுமன்று, ஆஃபரே போய்விடும். ஒரே துறையில் ரெக்ரூட்டர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் சாதாரணம்.

ஏழாம் படி: வரும் பதில்களும் அவற்றுக்கான விடைகளும்

"கேட்டதைக் கொடுத்தால் இன்றே கையெழுத்திடுவீர்களா?" என்று கேட்டால் அது நல்ல அறிகுறி. நான்காம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இதற்கு "ஆம்" என்று சொல்வதில் தயக்கம் இருக்காது. நீங்கள் தயங்கினால், ரெக்ரூட்டர் மேலிடத்துக்குப் போகவே மாட்டார்.

"அடிப்படைச் சம்பளத்தில் இதற்கு மேல் இடமில்லை" என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதை எதிர்த்து வாதிடாமல், "புரிகிறது, அப்படியானால் ஜாயினிங் போனஸிலோ பங்குகளிலோ அந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய வழியுண்டா?" என்று கேள்வியை நகர்த்துங்கள். ஆறு மாதத்தில் சம்பளத்தை மறுபரிசீலனை செய்கிறோம் என்று அவர்களே சொன்னால், அது எந்த மாதம், எதன் அடிப்படையில் என்று ஆஃபர் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வாக்குறுதிக்குக் கணக்கில் இடம் கொடுக்க வேண்டாம்.

கேட்டதில் பாதி கிடைத்தால் என்ன செய்வது? ரகசியமாக எழுதி வைத்த எண்ணுக்கு மேலே இருந்தால், சிறிய ஒன்றை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம். உயர்த்திய தொகையை மற்ற நிறுவனத்திடம் எடுத்துப்போய், அவர்கள் தருவதை மீண்டும் இங்கே கொண்டுவந்து ஏலம் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விருப்பமான இடத்திடம் "கொடுத்தால் சேர்வேன்" என்று சொல்லி, அவர்களும் கொடுத்த பிறகு பேச்சு அங்கே முடிந்தாக வேண்டும். இன்னும் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்காத நிலையில், இரு பக்கமும் ஒவ்வொரு முறை கேட்பதில் பிழையில்லை.

கூடுதலாகக் கேட்டால் ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. பணிவாகவும் காரணத்தோடும் ஒரு முறை கேட்டதற்காக அப்படிச் செய்வது அரிது. வழக்கமான பதில் "முடியாது" என்பதோடு நின்றுவிடும். மிரட்டல் தொனியும், ஒவ்வொரு நாளும் மாறும் கோரிக்கைகளும், ஏற்றுக்கொண்ட பிறகு மறுபடி தொடங்கும் பேரமும்தான் உண்மையில் ஆபத்தானவை.

இப்போது வேலை செய்யும் நிறுவனமும் ராஜினாமாவைக் கண்டதும் சம்பளத்தை உயர்த்தித் தர முன்வரலாம். அதையும் மூன்றாவது ஆஃபராக எண்ணி அதே அட்டவணையில் எழுதுங்கள். நீங்கள் வேலை தேடத் தொடங்கியதன் காரணம் சம்பளம் இல்லை என்றால், உயர்ந்த சம்பளம் அந்தக் காரணத்தைத் தொடவே போவதில்லை.

எட்டாம் படி: முடித்தல்

பேசி ஒப்புக்கொண்டவை அனைத்தும் திருத்திய ஆஃபர் கடிதத்தில் வந்திருக்கின்றனவா என்று வரிக்கு வரி பாருங்கள்: பதவி நிலை, அடிப்படைச் சம்பளம், போனஸ், பங்குகளின் எண்ணிக்கை, அவை வரும் கால அட்டவணை, சேரும் தேதி. பங்குகள் இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டவை என்ற வரி இருப்பது வழக்கம்தான். எண்ணிக்கையே குறிப்பிடப்படாமல் இருந்தால் கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே ஆஃபர் உறுதியாகும் என்று நிபந்தனை இருந்தால், அது முடிந்ததாக எழுத்தில் தகவல் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.

கையெழுத்திட்ட கடிதம் இரு தரப்பிலும் வந்து சேர்ந்த அன்றே மற்ற நிறுவனத்துக்கு மறுப்பைத் தெரிவியுங்கள்; உங்களுக்காக அவர்கள் நிறுத்திவைத்திருக்கும் அடுத்த விண்ணப்பதாரர் காத்திருக்கக்கூடும். முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு மூன்று நான்கு வரிகளில் எழுதினால் போதும்: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, யோசித்து வேறொரு பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன், உங்கள் குழுவில் சந்தித்தவர்களோடு தொடர்பில் இருக்க விரும்புகிறேன். எங்கே சேர்கிறீர்கள், எவ்வளவு சம்பளம் என்று அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் தொகையை உயர்த்த முன்வந்தாலும், கையெழுத்திட்டுவிட்டதாகச் சொல்லி நன்றியோடு மறுத்துவிடுங்கள்.